வரிசைக்கு இன்னொரு சுவர்

சாலையை மேம்படுத்தப் போகிறோம் என்று வாரியம் அறிவித்த நாளிலிருந்து, அந்தச் சாலையில் யாரும் போக வேண்டிய இடத்துக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்ததாகச் செய்தி இல்லை. முதலில் வலது பாதியைத் தோண்டினார்கள். பிறகு, எதற்காகத் தோண்டினோம் என்று கண்டறிய ஒரு குழு அமைத்தார்கள். குழு உட்கார்ந்து யோசிக்கிற வரை சும்மா இருப்பானேன் என்று, மிச்சமிருந்த இடது பாதியை ஒருவழிப் பாதையாக்கினார்கள். போகிறவர்கள் போகலாம், வருகிறவர்கள் எப்படியாவது வந்துகொள்ள வேண்டியது. அந்த ஒற்றைப் பாதியின் ஓரம் முழுக்க அறிவிப்புப் பலகைகள் முளைத்தன. மெதுவாகச் செல். வரிசை மாறாதே. ஒலி எழுப்பாதே. கடப்பவர் கடந்து முடிக்கும் வரை நில். பலகைக்குக் குறைவே இல்லை. சாலை மட்டும்தான் பாக்கி.

அந்தச் சாலையோரத்தில்தான் கிளட்ச் அக்காவின் டிரைவிங் ஸ்கூல் இருந்தது. பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுடைய லைசென்ஸோடு சரி. பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு "கிளட்ச், கிளட்ச், கிளட்ச மிதிங்க" என்று தொண்டை கிழியக் கத்திக் கத்தி, ஊரே அவளை அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டது. இருப்பது ஒரே ஒரு கார். இரண்டு பக்கமும் பிரேக் வைத்த பழைய கார். வீட்டு அடுப்பு, மகளின் கல்லூரி, கூடவே இருக்கும் நாத்தனாரின் பிரஷர் மாத்திரை எல்லாமே அந்தக் காரில்தான் ஓடிக்கொண்டிருந்தன.

ரோடு நின்றுபோன பிறகு அவளிடம் சேர்ந்தவர்களுக்கு முதல் கியரைத் தவிர வேறொன்றும் தெரியாது. இரண்டாவது கியர் என்று ஒன்று இருப்பதை, சொர்க்கம் இருப்பதைச் சொல்வது போல, அவள் வாயால் விவரிப்பாள். அவர்களும் பயபக்தியோடு கேட்டுக்கொள்வார்கள். அதிலும் ஹேண்ட்பிரேக் சார் என்று ஒருவர். பேங்கில் கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றவர். லைசென்ஸ் வாங்கி, சொந்தக் காரும் வாங்கி, அப்புறமும் அவளிடம் வகுப்புக்கு வந்துகொண்டிருந்தார். கை எப்போதும் ஹேண்ட்பிரேக்கின் மேலேயே இருக்கும். "எதுக்கு சார் அதைப் பிடிச்சுட்டே இருக்கீங்க?" என்று கேட்டால், "எப்படியும் போடணும்தானே மேடம்" என்பார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

ஒரு நாள் மதியம் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று காரை ஷெட்டில் விட்டுவிட்டு மாடிக்குப் போனாள். கையைத் துடைத்துக்கொண்டே இறங்கி வந்தால், ஷெட்டின் வாசலில் ஒரு சுவர். இடுப்பு உயரம். ஈரம்கூடக் காயவில்லை. ரோட்டில் கான்கிரீட் லாரி ஒன்று நின்றபடி தன் டிரம் வயிற்றைச் சுழற்றிக்கொண்டிருந்தது. கான்ட்ராக்டர் சுவரின் தலையைக் கரண்டியால் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது?"

"டிவைடரும்மா."

"டிவைடர்னா ரோட்டுக்கு நடுவுல இருக்கும்."

"நடுவுலதான் போடணும். அதுவும் இங்க இல்ல, நாலு தெரு தள்ளி. ஆனா லாரி இங்கதானே மாட்டிக்கிச்சு? காலையிலேர்ந்து ஒரு அடி நகரல. கலவை கிட்ட பொறுத்துக்கோன்னு சொன்னா கேக்குமா? டிரம்முக்குள்ளயே இறுகிட்டா லாரியே போச்சு. எங்க நிக்குதோ அங்க சட்டுனு பலகை அடிச்சு அச்சு கட்டி ஊத்திடறதுதான் நம்ம பழக்கம்."

"உள்ள என் கார் இருக்குய்யா."

அவர் எட்டிப் பார்த்தார். "ஆமா. இனிமே ஒருத்தன் திருட முடியாது" என்று ஆறுதல் சொன்னார்.

மாடிப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த நாத்தனார் அங்கிருந்தே சொன்னாள்: "அண்ணி, அந்த ஆளை இழுத்து ரோட்டு நடுவுல நிக்க வச்சு, மிச்சக் கலவைய அவன் தலையில ஊத்துங்க. டிவைடர் தானா வந்துடும்."

கான்ட்ராக்டர் அதை ஒரு யோசனையாகக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் ஆள் வந்து சுவருக்குக் கறுப்பும் மஞ்சளுமாகக் கோடு போட்டான். அதற்கடுத்து ஒரு காவலாளியும் நாற்காலியும் வந்து சேர்ந்தார்கள். பொதுச் சொத்துக்குச் சேதம் விளைவித்தால் ஜெயில் என்று காவலாளி அவளைப் பார்க்கும்போதெல்லாம் வணக்கம் சொல்வது போலச் சொன்னான்.

வாரிய அலுவலகம் அதே சாலையில் கொஞ்சம் தள்ளி இருந்தது. நடந்தே போனாள். உதவிப் பொறியாளர் மேசை நிறைய ஒரு வரைபடத்தை விரித்து, அதன் மேல் விரலை ஓட்டினார்.

"இந்த இடத்துல ஷெட் இல்லையேம்மா."

"நான் கல்யாணமாகி வர்றதுக்கு முந்தியே இருக்கு சார்."

"இருக்கலாம். வரைபடத்துல இல்ல. ஷெட்டே இல்லாத இடத்துல கார் எப்படி இருக்கும்? நீங்களே சொல்லுங்க."

"அப்ப அந்தச் சுவர் இருக்கா?"

அவர் குனிந்து பார்த்தார். "அதுவும் இல்ல" என்று நேர்மையாக ஒப்புக்கொண்டார். பிறகு பென்சிலை எடுத்து, அளவுகோல் வைத்து, அழகாக ஒரு கோடு போட்டார். "இப்ப இருக்கு."

"அப்படியே பக்கத்துல ஷெட்டையும் வரைஞ்சிடுங்க சார்."

"அது தனியார் கட்டடம். நம்ம பென்சிலால அத வரைய நமக்கு அதிகாரம் இல்லம்மா."

தலைமைப் பொறியாளரைப் பார்க்காமல் நகர மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். விட்டார்கள். அவர் அறை குளுகுளுவென்று இருந்தது. ஜன்னலுக்குக் கீழே வாரியத்தின் ஜீப்புகளும் கார்களும் தேய்த்துத் துடைத்துப் பளபளவென்று வரிசையாக நின்றன. அவள் சொன்னதைக் கண்ணை மூடிக் கேட்டார். கேட்டாரா தூங்கினாரா என்பது அவருக்கே வெளிச்சம். அப்புறம் கண்ணைத் திறந்து பேசினார்.

"வண்டின்னா நகரணும்னு ஒரு மூடநம்பிக்கை நம்ம மக்கள்கிட்ட ஊறிப் போயிருக்கு. ஒரு வண்டி நகர்ந்தா என்னாகுது? அது நின்ன இடம் காலியாகுது. காலி இடத்தப் பார்த்ததும் இன்னொரு வண்டி வருது. அப்படித்தான் நெரிசல் உண்டாகுது. இத்தனை வருஷமா எல்லாரும் நெரிசலக் குறைக்கப் பார்த்தாங்க. நாங்க வேரையே பிடிச்சிட்டோம். நகர்றதக் குறைக்கிறோம்."

"என் பொழைப்பே நகர்றதுலதான் சார் இருக்கு."

"பார்த்தீங்களா, உங்ககிட்டயும் இருக்கு அந்த நம்பிக்கை" என்று அவர் வருத்தப்பட்டார். "உங்க ஆட்சேபத்தக் கருத்துக்கேட்புக் கூட்டத்துல வந்து சொல்லுங்க. மக்கள் குரலுக்கு எங்க கதவு எப்பவும் திறந்திருக்கும்."

கூட்டம் சாலையின் அந்தக் கோடியில் இருந்த மண்டபத்தில். முட்டி வலியோடு நடக்க முடியாத நாத்தனாரும் வருவேன் என்றதால் இருவரும் விடிந்ததும் பஸ் ஏறினார்கள். பஸ்ஸில் இருந்த பாதிப் பேர் அதே கூட்டத்துக்குப் போகிறவர்கள். ஒருவருக்கு வீட்டுப் படிக்கட்டு போயிருந்தது. ஒருத்திக்குக் கடை வாசல். பஸ் எப்போதும் போல நின்றது, ஊர்ந்தது, மறுபடி நின்றது. பொறுக்க முடியாமல் எல்லோரும் இறங்கி, நாத்தனாரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு, புழுதிக்குள் நடந்து போய்ச் சேர்ந்தபோது மண்டபக் கதவு மூடியிருந்தது. கூட்டம் தொடங்கிய பின் யாரையும் உள்ளே விடுவதில்லை என்பது விதி.

உள்ளே ஒலிபெருக்கியில் தலைமைப் பொறியாளரின் குரல் கணீரென்று கேட்டது. காலி நாற்காலிகளைப் பார்த்து அவர் பேசிக்கொண்டிருந்தார். வாரியத்து ஆட்கள் முந்தைய நாளே வந்து மண்டபத்தில் தங்கிவிட்டார்களாம். இந்தச் சாலையை நம்பி யாராவது காலையில் கிளம்புவார்களா?

"திட்டத்துக்கு ஆட்சேபம் இருக்கிறவங்க எழுந்து நிக்கலாம்" என்றார். "ஒருத்தர்கூட நிக்கல. ஏகமனதாக ஏத்துக்கிட்டதா பதிவு பண்ணிக்கோங்க."

வெளியே அத்தனை பேரும் நின்றுகொண்டுதான் இருந்தார்கள்.

இதோடு விட்டிருந்தால் கிளட்ச் அக்கா அழுது ஓய்ந்திருப்பாள். மகள் கல்லூரியை நிறுத்திவிட்டு எங்காவது வேலைக்குப் போகிறேன் என்று அதற்குள் சொல்லிவிட்டாள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பெண் அவள்தான். சொன்ன கையோடு புத்தகங்களை அட்டைப் பெட்டிக்குள் அடுக்கவும் ஆரம்பித்தாள். அந்தப் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் கிளட்ச் அக்காவுக்கு வயிறு பற்றி எரிந்தது. ஆனால் எரிகிற வயிற்றை என்ன செய்வது என்று தெரியவில்லை. அதைச் சொல்லிக்கொடுக்க வாரியமே வீடு தேடி வந்தது.

வந்தவர்கள் கையில் ஒரு கேடயம். பின்னாலேயே போட்டோகிராபர். சாலையிலிருந்து தன் வாகனத்தை விலக்கிக்கொண்டு நெரிசல் குறையத் துணை நின்ற முன்மாதிரிக் குடிமகள் என்று அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். தலைமைப் பொறியாளர் சுவரின் மேல் கையை ஊன்றிக்கொண்டு பேசினார்.

"இந்தச் சகோதரியைப் போல ஒவ்வொருத்தரும் தன் வண்டியச் சுவருக்குப் பின்னால வச்சுட்டா, இந்தச் சாலையில நெரிசல்ங்கிற பேச்சே இருக்காது. இவங்க தானா முன்வந்து செஞ்சாங்க. யாரும் வற்புறுத்தல."

"அண்ணி, அந்தக் கேடயம் கனமா இருக்கா?" என்று நாத்தனார் காதோடு காதாகக் கேட்டாள். "தூக்கி எறிஞ்சா மண்டை உடையுமான்னு கேக்கறேன்."

கிளட்ச் அக்கா எறியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, கேட்க வேண்டியதைக் கேட்டாள். "சார், இந்தச் சுவர எப்ப உடைப்பீங்க?"

தலைமைப் பொறியாளர் உதவிப் பொறியாளரைப் பார்த்தார். அவர் பணிவோடு விளக்கினார்: "தவறான இடத்துல விழுந்த சுவர உடைக்க வழி இருக்கும்மா. சாரே கையெழுத்துப் போட்ட விதி. எது முதல்ல கட்டினதோ அத முதல்ல உடைக்கணும். வரிசைப்படி. யாருக்கும் சலுகை கிடையாது."

"அப்ப என்னுதுக்கு முன்னாடி எத்தனை இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. உங்களது ஒண்ணுதான்."

"அப்ப உடைங்க."

"ஒண்ணே ஒண்ணு இருந்தா அது எப்படிம்மா வரிசையாகும்? இன்னொண்ணு வரட்டும். வந்த உடனே வரிசை தொடங்கிடும். நீங்கதான் முதல்ல."

கிளட்ச் அக்கா வெகுநாள் கழித்துச் சிரித்தாள். போட்டோகிராபர் அதை நன்றி உணர்ச்சி என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டார்.

கான்கிரீட் லாரி எந்தப் பக்கம் போகும், எப்போது போகும் என்பதெல்லாம் அந்தச் சாலையில் ரகசியமே இல்லை. வாரம் முழுக்க அது அவள் வீட்டு ஜன்னலுக்குக் கீழேதானே நிற்கிறது. அடுத்த முறை அது உருண்டுகொண்டு வந்த காலையில், ஹேண்ட்பிரேக் சாரின் கார் அதற்குச் சரியாக முன்னால் போய்ச் சேர்ந்துகொண்டது. பக்கத்து சீட்டில் கிளட்ச் அக்கா.

"இன்னைக்கு என்ன பாடம் மேடம்?"

"ரூல்ஸ் சார். ஒரு பலகையக்கூட விடக் கூடாது."

அவரைப் போல ரூல்ஸை மதிக்கிற மனிதன் அந்த ஊரிலேயே கிடையாது. மெதுவாகச் செல் என்றது பலகை. எறும்பு முந்திப் போனது. வரிசை மாறாதே என்றது, மாறவில்லை. வாரிய அலுவலகத்தின் கேட்டைத் தாண்டிய கையோடு, வெள்ளைக் கோடு போட்ட நடைபாதைக் கடவு. கடப்பவர் கடந்து முடிக்கும் வரை நில் என்றது அங்கிருந்த பலகை. ஹேண்ட்பிரேக் சார் நின்றார். காரணம், நாத்தனார் கடந்துகொண்டிருந்தாள்.

அவளுக்கு முட்டி வலி. பாதி தூரம் வந்து மூச்சு வாங்கினாள். அந்தப் பக்கம் கால் வைக்கப் போன நேரத்தில் எதையோ மறந்துவிட்ட ஞாபகம் வந்து திரும்பினாள். இந்தப் பக்கம் வந்ததும், மறக்கவில்லை, இடுப்பில்தான் இருக்கிறது என்று தெரிந்து மறுபடி கடக்க ஆரம்பித்தாள். ஹேண்ட்பிரேக் சார் முகத்தில் எரிச்சலின் சாயல்கூட இல்லை. "வயசானவங்க, பாவம்" என்று சொல்லி ஹேண்ட்பிரேக்கை ஆசை தீர இழுத்து வைத்தார். வெயில் ஏறியது. காருக்குப் பின்னால், வாரிய அலுவலகக் கேட்டுக்கு நட்ட நடுவே, லாரி தன் வயிற்றைச் சுழற்றிக்கொண்டு நின்றது.

கான்ட்ராக்டர் குதித்து இறங்கினார். டிரம்மில் காதை வைத்துக் கேட்டார்.

கிளட்ச் அக்கா ஜன்னலை இறக்கினாள். "என்னண்ணே, இறுகுதா?"

"சத்தமே மாறிடுச்சும்மா. கொஞ்சம் வண்டிய நகர்த்தச் சொல்லேன்."

"ஒரு அம்மா கடந்துட்டிருக்காங்களே. ஏத்திட்டா போகச் சொல்றீங்க? எங்க நிக்குதோ அங்க ஊத்தறதுதானே உங்க பழக்கம்?"

"இது ஆபீஸ் கேட்டும்மா."

"வரைபடத்துல கேட் இருக்கா?"

கான்ட்ராக்டர் வரைபடத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் யாருடைய கேட்டும் இல்லை. சாலை மட்டும் தொடங்கிய இடத்திலிருந்து முடிகிற இடம் வரை, ஒரு வீடும் ஒரு மனிதரும் இல்லாமல், நிம்மதியாக நேராகப் போனது. டிரம் ஒரு முறை கரகரத்தது. அதற்கு மேல் அவர் யோசிக்கவில்லை. பலகை அடித்தார்கள், ஊற்றினார்கள். சம்பளம் வாங்க வந்திருந்த அந்தச் சுவர்க் காவலாளி உள்ளேயிருந்து ஓடிவந்து "பொதுச் சொத்து, பொதுச் சொத்து" என்று கத்தினான். எது பொதுச் சொத்து, கேட்டா சுவரா என்று அவனுக்கே குழப்பம்.

மதியத்துக்குள் சுவர் கல்லாகிவிட்டது. உள்ளே அத்தனை ஜீப்புகளும் கார்களும் பளபளவென்று நின்றன. தலைமைப் பொறியாளர் வந்து பார்த்தார். உடனே உடை என்றார். உதவிப் பொறியாளர் நெளிந்தார்.

"சார், வரிசைப்படிதான் உடைக்கணும்னு நீங்கதான் கையெழுத்துப் போட்டீங்க. முதல்ல அந்த டிரைவிங் ஸ்கூல் அம்மாவோடது. அப்புறம்தான் நம்முது."

"அத மாத்து."

"மாத்தணும்னா கருத்துக்கேட்புக் கூட்டம் போடணும் சார்."

தலைமைப் பொறியாளர் அன்று சுவரின் மேல் வயிற்றை வைத்து, காலைத் தூக்கிப் போட்டு, அந்தப் பக்கம் இறங்கி நடந்தே வீட்டுக்குப் போனார். நிற்கும் பஸ்களிலிருந்து ஜனங்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். பஸ்ஸில் இருந்தவர்களை விட அவர் சீக்கிரம் வீடு சேர்ந்தார். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாளே உடைக்கும் இயந்திரம் கிளட்ச் அக்கா வாசலுக்கு வந்தது. ஷெட்டே இல்லை என்றவர்கள், ஷெட்டுக்குச் சிராய்ப்பு படாமல் உடை என்று ஓட்டுநரிடம் கெஞ்சினார்கள். சுவர் பொலபொலவென்று உதிர்ந்தபோது மகள் ஜன்னலில் நின்று பார்த்தாள். பார்த்துவிட்டு உள்ளே போய், அட்டைப் பெட்டியைக் கவிழ்த்துப் புத்தகங்களைத் தரையில் கொட்டினாள். கிளட்ச் அக்கா காரைத் துடைத்து, பேட்டரிக்கு உயிர் கொடுத்து, வெளியே கொண்டுவந்தாள்.

"சந்தோஷம்தானேம்மா?" என்றார் உதவிப் பொறியாளர். "இப்ப மிஷின் நேரா நம்ம ஆபீஸுக்குப் போகுது. சார் அங்க காத்துக்கிட்டிருக்கார். நம்ம வண்டிங்க எல்லாம் எந்தத் தொந்தரவும் இல்லாம வெளிய வரணும்னு அவரே நின்னு ஒரு புது போர்டு நட வச்சிருக்கார்."

"போர்டா?" என்றாள் அவள். "பார்க்கணுமே."

ஹேண்ட்பிரேக் சாரை ஸ்டியரிங்கில் உட்கார வைத்து, இயந்திரம் ஏறிய லாரி கிளம்புவதற்கு முன்பே சாலையில் இறங்கிவிட்டாள். லாரி பின்னாலேயே வந்தது. வலது பக்கம் பள்ளம். இடது பக்கம் பலகைகள். முந்த வழியே இல்லை.

வாரிய அலுவலகத்தின் கேட்டுக்குச் சற்று முன்னால் பெயிண்ட் காயாத வெள்ளைக் கோடு. அதன் அருகே ஆளுயரப் பலகை. வாரிய வாகனங்கள் அனைத்தும் வெளியே வந்து முடிக்கும் வரை இங்கே நிற்கவும். மீறுவோர் தண்டிக்கப்படுவர். இப்படிக்கு, தலைமைப் பொறியாளர்.

ஹேண்ட்பிரேக் சார் கோட்டின் மேல் டயர் படாமல் நிறுத்தினார். பின்னால் லாரி நின்றது. அதன் பின்னால் பஸ், அதன் பின்னால் ஊர். நிற்பது அவர்களுக்குப் புதிதல்ல. வேடிக்கையோடு நிற்பதுதான் புதிது. ஒவ்வொருவராக இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்தார்கள்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து தலைமைப் பொறியாளர் எட்டிப் பார்த்தார். "வழிவிடும்மா. மிஷின் வரணும்."

"உங்க வண்டிங்க வெளிய வந்ததும் போயிடறோம் சார்."

"சுவர உடைச்சாதானே வண்டி வெளிய வரும்."

"அது எனக்கு எப்படி சார் தெரியும்? நான் போர்டுல இருக்கறதப் படிக்கிறேன்."

"அந்த போர்டப் பிடுங்குங்கய்யா" என்று அவர் அலறினார். உதவிப் பொறியாளர் பலகையின் காலில் கை வைத்தார். பக்கத்தில் நின்ற காவலாளி பழக்க தோஷத்தில் "பொதுச் சொத்து சார், ஜெயில்" என்றான். அவர் கையை எடுத்துக்கொண்டார்.

லாரிக்காரர் ஹார்னில் கை வைக்கப் போனார். கூட்டத்தில் யாரோ "ஒலி எழுப்பாதே" என்று எதிரே இருந்த பலகையை உரக்கப் படித்துக் காட்டினார்கள். வீட்டுப் படிக்கட்டை இழந்தவரும், கடை வாசலை இழந்தவளும் அந்தக் கூட்டத்தில் நின்றார்கள். நாத்தனார் பஸ் படியில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டாள்.

தலைமைப் பொறியாளர் இறங்கிய குரலில் பேச ஆரம்பித்தார். மனிதாபிமானம் என்றார். ஒரு நாட்டின் முன்னேற்றம் அதன் சாலைகளில்தான் ஓடுகிறது என்றார். வண்டி என்றால் அது நகரத்தான் வேண்டும் என்றார்.

கூட்டத்தில் ஒருவர்கூட வண்டிக்குத் திரும்பிப் போகவில்லை.

ஹேண்ட்பிரேக் சாருக்கு மட்டும் மனம் இளகியது. "மேடம், போயிடலாமா? பாவமா இருக்கு."

"போர்டுல என்ன சார் போட்டிருக்கு?"

"நிற்கவும்னு."

"அப்ப நில்லுங்க."

"எவ்வளவு நேரம் மேடம்?"

கிளட்ச் அக்கா சீட்டைப் பின்னால் சாய்த்து, செருப்பைக் கழற்றிவிட்டு, காலை நீட்டிக்கொண்டாள்.

"அது போடலையே சார்."